முன்வைத்த சக்கரம்

மனித குலத்தின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லி வருகின்றன. பிழை. ஆகச் சிறந்தது மானம். சக்கரம் முன்னாலும் உருளும், பின்னாலும் உருளும். அதற்குக் கொள்கை என்று எதுவும் கிடையாது. மானம் முன்னால் மட்டுமே போகும். இந்த இரண்டையும் ஒரே வாகனத்தில் பொருத்தி, எஞ்சினை அணைக்காமலே எழுபது நிமிடம் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டிய பெருமை மேற்கு ஆக்லாந்து தமிழர் மாமன்றத்தைச் சாரும்.

இந்தச் சாதனை ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நியூசிலாந்தின் கிளென் ஈடனில், மாமன்ற மண்டபத்துக்குப் போகும் ஒடுங்கிய பாதையில் நிகழ்த்தப்பட்டது. அதை நேரில் கண்டு, படமும் கீறி, அந்தக் குற்றத்துக்காக இன்றுவரை மன்னிக்கப்படாதவர் மாகிரட்.

மாகிரட் மன்னார்க்காரி. ரயில் நிலையத்துக்கு அருகே சின்னதாய் ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். விசிட்டிங் கார்டு, பிறந்தநாள் பேனர், மரண அறிவித்தல் எல்லாம் அங்கே பிறக்கும். மாமன்றத்தின் சுவரொட்டிகள் அத்தனையையும் பதினொரு வருடமாக அவர்தான் அடித்துக் கொடுக்கிறார். 'இலவசம்' என்ற சொல்லை மாமன்றத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. 'சேவை' என்பார்கள். சேவை செய்தவர்களின் பெயரை ஆண்டுவிழாவில் வாசிப்பார்கள், நேரம் இருந்தால்.

ஒவ்வொரு சுவரொட்டியிலும் இரண்டு படங்கள் இருந்தே ஆக வேண்டும். ஒன்று நடப்புத் தலைவர் செபஸ்ரியனுடையது. யாழ்ப்பாணத்தவர், மின்சார வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். மற்றது நிறுவனரும் ஆயுட்காப்பாளருமான சிவலிங்கத்துடையது. மலேசியாவில் கிள்ளான்காரர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். ஒருமுறை சிவலிங்கத்தின் படம் இரண்டு மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டது. செபஸ்ரியன் அளந்து பார்க்க அடிமட்டத்தோடு கடைக்கு வந்தார். அடுத்த சுவரொட்டியில் செபஸ்ரியனின் பெயர் மேலேயும் சிவலிங்கத்தின் பெயர் கீழேயும் வந்தது. சிவலிங்கம் மூன்று பக்கத்தில் மின்னஞ்சல் எழுதினார்.

மாமன்றத்தில் ஒழுங்கு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்ற கேள்வி ஒரு பொங்கல் விழாவில் எழுந்து, அன்று விளக்கும் ஏற்றப்படாமல் பொங்கலும் ஆறிப்போனது. அதன்பின் நான்கு கூட்டம் போட்டு 'முன்னுரிமை வரிசைத் தீர்மானம்' நிறைவேற்றினார்கள். முதல் திரி நிறுவனருக்கு, இரண்டாவது தலைவருக்கு. முன்வரிசை நடு நாற்காலி தலைவருக்கு, அதன் வலப்பக்கம் நிறுவனருக்கு. பொன்னாடை, குழுப்படம், சாப்பாட்டு வரிசை, தட்டில் எஞ்சும் கடைசி வடை, எல்லாவற்றுக்கும் சரத்து உண்டு. மொத்தம் பதினேழு சரத்து. நாடுகளின் அரசியலமைப்பில்கூட இவ்வளவு தெளிவு கிடையாது என்று செயலாளர் அன்றூ பெருமைப்பட்டார். இரண்டு பிரமுகர்களின் கார்கள் எதிரெதிரே வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுத மறந்துபோனார்கள்.

மண்டபம் வீதியிலிருந்து நாற்பது மீட்டர் உள்ளே இருக்கிறது. பாதை ஒரு கார் அகலம். ஒரு பக்கம் பலகை வேலி, மறுபக்கம் அயல்வீட்டு ஃபெய்ஜோவாப் பழ மரங்கள். சாதாரண சனங்கள் அந்தப் பாதையில் எதிரே கார் வந்தால் சிரித்துக் கையசைத்துவிட்டுப் பின்னால் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் அவர்கள் சாதாரண சனங்களாகவே இருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலைகளில் மண்டபத்தின் பின்புறத்தில் மாகிரட் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குவார். மேற்கு ஆக்லாந்தில் கார் ஓட்டத் தெரியாத பெண், வீட்டுக்காரர் வேலையால் வரும்வரை ஜன்னலோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். அந்தக் கவலை மாகிரட்டுக்கு ஒரு காலத்தில் இருந்தது. அதனால் தன்னுடைய பழைய சிவப்பு டெமியோ காரின் முன்னும் பின்னும் பழகுநருக்கான மஞ்சள் எல் பலகையை ஒட்டி, வருகிறவர்களையெல்லாம் அதில் ஏற்றிவிடுவார்.

அப்படி வந்தவர்களில் கிருசாந்தியும் ஒருத்தி. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் செய்து ரானுயிக்கு வந்து மூன்று வருடம். அவளுடைய கைப்பையில் நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. வீடு வீடாகப் போய், தம்மால் இயலாத முதியவர்களைப் பராமரிக்கும் வேலை, வருகிற திங்கட்கிழமை தொடக்கம். ஒரே நிபந்தனை, தனியே கார் ஓட்டும் லைசென்ஸ் வேண்டும். அதற்கான பரீட்சை அன்று பதினொன்று ஐம்பதுக்கு, ஹென்டர்சனில். முதல் தடவை ரவுண்டபவுட்டில் வருகிற எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டு நின்றதால் பெயில். இரண்டாம் தடவை பிரேக் லைட் எரியவில்லை என்று பரீட்சகர் காரிலேயே ஏற மறுத்துவிட்டார். இந்தத் தடவையும் போனால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. வேலை ஆறு நாள்கூடக் காத்திருக்காது.

மாகிரட்டின் கதையில் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். செவ்வாய் மாலைகளில் அவர் லினோ விரிப்பில் படம் செதுக்கி அச்சடிக்கும் வகுப்புக்குப் போவார். போன வருடம் அந்த வகுப்பே நகரத்துக்குப் போய், பழைய ஆங்கிலக் கேலிச் சித்திரங்களின் கண்காட்சி ஒன்றைப் பார்த்தது. ஜார்ஜ் மன்னர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட காலத்தில் லண்டன் பிரபுக்களுக்கு அடிக்கடி மானம் போய்விடுமாம். ஒருவருடைய நாயை மற்றவர் குறை சொன்னால் போதும். விடியற்காலையில் புல்வெளிக்குப் போய், பன்னிரண்டு காலடி எண்ணி நின்று, கைத்துப்பாக்கியால் ஆளை ஆள் சுட்டு, போன மானத்தை மீட்டுக்கொள்வார்களாம். ஆளுக்கொரு துணையாள் கூடவே போவார், எல்லாம் மரியாதையாக நடக்கிறதா என்று பார்க்க. இதைச் சித்திரக்காரர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் மாட்டினார்கள். வாங்க வசதி இல்லாதவர்கள் தெருவில் நின்று இலவசமாகச் சிரித்தார்கள்.

மாகிரட் அங்கே ஒரு படத்தின் அஞ்சலட்டையை வாங்கிவந்து கடை மேசைக்கு மேல் ஒட்டியிருந்தார். இரண்டு பிரபுக்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுகிறார்கள். மருத்துவர் மரத்துக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறார். நடுவில் ஒரு பால்காரி போகிறாள். அவளுடைய வாளியில் இரண்டு பக்கமும் ஓட்டை விழுந்து பால் ஒழுகுகிறது. அந்தப் படத்திலேயே வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

அன்று பத்தேகாலுக்குக் கிருசாந்தி ஸ்டியரிங்கைப் பிடிக்க, மாகிரட் பக்கத்தில் இருக்க, டெமியோ மண்டபத்திலிருந்து புறப்பட்டது. பரீட்சைக்கு முன் ஹென்டர்சன் தெருக்களில் ஒரு மணி நேரம் ஓடிப் பார்க்கும் திட்டம். அவர்களுக்கு முன்னால் சிவலிங்கத்தின் பெரிய வெள்ளிநிறக் கார் இறங்கிக்கொண்டிருந்தது. மண்டபச் சுவரில் தன்னுடைய படம் சாயாமல் தொங்குகிறதா என்று வாராவாரம் பார்க்க வருகிறவர் அவர். பாதையின் நடுவில் அந்தக் கார் நின்றது. எதிரே செபஸ்ரியனின் வெள்ளை எஸ்யூவி ஏறி வந்து நின்றது.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய காரியங்கள் அப்படித்தான் தொடங்கும்.

மாகிரட் இறங்கி முன்னால் போனார். சிவலிங்கத்தின் பக்கத்தில் அவருடைய மனைவி காந்திமதி சீட்டைச் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் பின்னுக்கு எடுத்தீங்களெண்டா அவர் வந்திடுவார். பிறகு நாங்கள் போயிடலாம்."

"கோஸ்தான் பண்ணச் சொல்றீங்களா, மாகிரட்?" சிவலிங்கம் கேட்டார். கிள்ளானில் காரைப் பின்னால் எடுப்பதற்கு அதுதான் பெயர். "இந்த மன்றத்த ஆரம்பிச்சவன் நான். ஆரம்பிச்சவன் கோஸ்தான் பண்ணா மன்றமே கோஸ்தான் போன மாதிரிலா."

மாகிரட் அடுத்த காருக்குப் போனார்.

"செபஸ்ரியன் அண்ணை, நீங்களாவது ஒருக்கா வீதிக்கு எடுங்கோவன். இந்தப் பிள்ளைக்கு இண்டைக்கு டெஸ்ட்."

"ஓம், அந்தப் பிள்ளைக்கு என்ர முழு ஆதரவும் இருக்கு," என்றார் செபஸ்ரியன், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி. "பெண்கள் முன்னுக்கு வரவேணும் எண்டு போன ஆண்டுவிழாவில நான்தானே கதைச்சனான். ஆனா தலைவர் எண்டவர் தனி ஆள் இல்லை, தங்கச்சி. நான் பின்னுக்குப் போனா ஆயிரத்து இருநூறு உறுப்பினரும் பின்னுக்குப் போறமாதிரி."

உறுப்பினர்கள் நூற்றுப் பத்துப் பேர். மற்றவர்கள் மானசீகமாக இருந்தார்கள்.

செய்தி பரவியது. துணையாட்கள் வந்து சேர்ந்தார்கள். தலைவருக்குச் செயலாளர் அன்றூ, நிறுவனருக்குப் பொருளாளர் விமலன். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அன்றூ ஒரு பம்பரிலிருந்து மற்றப் பம்பருக்குக் காலடியால் அளந்தார். நான்கு காலடி. ஏன் அளந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, ஆனால் அளந்தபின் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது. மாகிரட்டுக்குக் கடையில் ஒட்டியிருந்த அஞ்சலட்டை நினைவுக்கு வந்தது.

பதினேழு சரத்தும் பானெட்டின் மேல் விரிக்கப்பட்டன. வடை பற்றிய சரத்தைப் பாதைக்கும் பொருத்தலாமா என்று ஆராயப்பட்டது. வடை ஒன்றுதான் என்றால் தலைவருக்கு, ஆனால் இங்கே பாதை தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்று விமலன் வாதிட்டார். உடனடியாகச் செயற்குழுவைக் கூட்டலாம் என்று முடிவாயிற்று. கூட்டம் செல்லுபடியாக ஏழு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் உள்ளே இருந்தார்கள். மற்ற இருவர் வீதியில், செபஸ்ரியனின் காருக்குப் பின்னால், உள்ளே வர வழி இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அயல்வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, எல்லாம் சரிதானா, போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டாள்.

"நோ நோ, இட்ஸ் கல்ச்சரல்," என்றார் விமலன்.

அவள் பயபக்தியோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பத்து ஐம்பதுக்குத் துணையாட்கள் ஒரு சமரசம் கண்டுபிடித்தார்கள். யாரும் யாருக்கும் வழிவிட வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியதும் இரு பெரியோர்களும் ஒரே கணத்தில் பின்னால் எடுப்பது. மானம் சரிபாதி. இதற்கு நிறுவனரின் பின்னால் நிற்கும் டெமியோ முதலில் நகர வேண்டும் என்று கிருசாந்திக்கு அறிவிக்கப்பட்டது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தாள், வளைவோடு சேர்த்து இருபது மீட்டரை ஒரே எடுப்பில் பின்னால் எடுத்து மண்டப வாசலில் நேராக நிறுத்தினாள். அதை யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு மானம் இல்லாதபடியால் அது சுலபமாக இருந்தது.

அன்றூ கைக்குட்டையை உயர்த்தினார். "ஒண்டு! ரெண்டு! மூண்டு!"

இரண்டு எஞ்சின்களும் உறுமின. இரண்டு கார்களும் அசையவில்லை. மற்றவர் முதலில் அசையட்டும் என்று இருவரும் நாகரிகமாகக் காத்திருந்தார்கள். ஒரு ஃபெய்ஜோவாப் பழம் மட்டும் மரத்திலிருந்து விழுந்து தலைவரின் பானெட்டில் உருண்டது. அது நிறுவனர் தரப்பின் ஆத்திரமூட்டும் செயல் என்று அன்றூ குறித்துக்கொண்டார்.

மணி பதினொன்று. கிருசாந்தி டெமியோவுக்குள் இருந்து கடிதத்தை எடுத்து விரித்தாள், மடித்தாள், திரும்ப விரித்தாள்.

"அக்கா, போன் பண்ணி வேலைக்கு ஏலாதெண்டு சொல்லட்டோ? அவையள் வேற ஆளை எடுக்கட்டும். ஏன் அதுகளை மினக்கெடுத்துவான்."

அவள் அப்போதும் வழிவிடத்தான் பார்த்தாள். மாகிரட்டுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே, அதைத் தள்ளிக்கொண்டு ஆத்திரம் வந்தது. பதினொரு வருடமாக இரண்டு முகங்களை அடிமட்டம் வைத்துச் சமன் செய்தவர் அவர். அந்த முகங்களைக் காதோரம் வெட்டிய மயிர் வரைக்கும் அவருக்குத் தெரியும்.

"பத்து நிமிசம் பொறு. போனைத் தொடாத," என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குள் போனார்.

மாமன்றத்துக்கு ஒரு போட்டோகொப்பி இயந்திரம் உண்டு, பதினேழு சரத்தையும் ஊருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுக்கவென்று வாங்கியது. அதன் பக்கத்திலிருந்து ஒரு தாளும் தடித்த கறுப்பு மார்க்கரும் எடுத்தார். நின்றபடியே கீறினார். இரண்டு கார்களின் கூரையில் இரண்டு பிரபுக்கள். தலையில் பொய்முடி, கழுத்தில் பொன்னாடை, வயிறு பட்டனை மீறிய கனவான்கள். ஆளுக்கொரு ஸ்டியரிங்கைப் பிடுங்கித் துப்பாக்கிபோல் நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு துணையாள் குடை பிடிக்கிறார், மற்றவர் வடையைத் தட்டில் ஏந்துகிறார். கீழே மூலையில் மஞ்சள் எல் பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு பெண் மணிக்கூட்டைப் பார்க்கிறாள். மஞ்சளுக்கு ஹைலைட்டர் இருந்தது. அடியில், "வழிவிட மாட்டோம்: கிளென் ஈடன் பெருஞ்சமர். களம் கண்டோர் செபஸ்ரியன் பிரபு, சிவலிங்கப் பிரபு."

முப்பது பிரதி எடுத்தார். பழக வந்திருந்த பெண்கள் அவற்றைக் கொண்டுபோய்ச் செயற்குழுவுக்குக் கொடுத்தார்கள், வைப்பர்களில் செருகினார்கள், வேலிக்கு மேலால் ஒன்று நீட்டினார்கள். முதலில் சிரித்தது விமலன். சிரித்துவிட்டு, தான் நிறுவனரின் துணையாள் என்பது நினைவுக்கு வந்து இருமினார். பிறகு செயற்குழுவே இருமியது. அயல்வீட்டுப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கண்ணாடிகள் இறங்கின. பிரமுகர்கள் படத்தைப் பார்த்தார்கள்.

பொய்முடியைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வயிற்றைப் பற்றியும் இல்லை. மூடிய கண்ணைத் தியானம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் செபஸ்ரியன் கதவைத் திறந்து இறங்கினார். எழுபது நிமிடத்தில் அவர் பாதம் நிலத்தில் பட்டது அதுதான் முதல் தடவை.

"மாகிரட்! இதென்ன வேலை? அவரை என்னிலும் பார்க்க உயரமாக் கீறியிருக்கிறீர்!"

மறுபக்கத்தில் சிவலிங்கமும் இறங்கினார். "உயரத்த விடுங்கலா! என் பேர ஏன் ரெண்டாவதா போட்டிருக்கீங்க? தீர்மானம் இருக்கா இல்லியா?"

மாகிரட் வேண்டுமென்றேதான் சிவலிங்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கூட்டியிருந்தார். வேண்டுமென்றேதான் செபஸ்ரியனின் பெயரை முன்னால் போட்டிருந்தார். பதினொரு வருடச் சேவையில் அவர் கற்றது அவ்வளவுதான், அது அன்று முழுசாக உதவியது.

"எனக்குத் தெரிஞ்ச அளவிலதான் கீறினனான்," என்றார் அப்பாவியாக. "ரெண்டு பேரும் முதுகோட முதுகு நிண்டீங்களெண்டா அளந்து திருத்திவிடுறன். உயரமானவற்ற பேர் முன்னுக்கு வரட்டும்."

நியாயமான யோசனை. இரு தரப்பும் ஏற்றன. அன்றூவும் விமலனும் அளவுநாடா தேடி மண்டபத்துக்குள் ஓடினார்கள். பிரமுகர்கள் இருவரும் டெமியோவுக்குப் பக்கத்தில், மண்டப வாசலில், முதுகோடு முதுகு ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலைக் கொஞ்சம் தூக்கி நின்றார்கள். செப்புத் தகட்டில் செதுக்கியதுபோல் இருந்தார்கள்.

வெள்ளிநிறக் காரில் காந்திமதி ஒரு கண்ணைத் திறந்தார்.

"மாகிரட், இங்க வாங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "இவருக்குக் கோஸ்தான் வராதுலா. கல்யாணம் கட்டுன நாளா நான்தான் எடுத்துக் குடுக்கிறேன். இன்னிக்கு ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு என்னைய எடுக்க விடல. மானம் கீனம்னு சும்மா பேசுறாரு."

"அப்ப செபஸ்ரியன் அண்ணை?"

"அவரு சம்சாரத்துகிட்ட கேட்டுப் பாருங்க. பின்னாடி கேமரா கெட்டுப்போயி நாலு மாசம் ஆச்சு. கடைக்குப் போனா முன்னாடியே சுத்திச் சுத்தி வந்து வீட்டுக்குப் போயிடறாரு." காந்திமதி பெருமூச்சு விட்டு ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தார். "அந்தப் பொண்ண அந்த வெள்ளக் கார எடுக்கச் சொல்லுங்க. எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான இருக்கு."

கிருசாந்தி எஸ்யூவியின் படியில் வைத்த காலைத் திரும்ப எடுத்தாள்.

"அக்கா, தலைவற்ற கார்."

"சக்கரம் நாலும் மற்றக் காருகளில இருக்கிறமாதிரித்தான்," என்றார் மாகிரட், பக்கத்தில் ஏறிக்கொண்டே. "கண்ணாடி, தோள், பின்னுக்கு."

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த இரண்டு செயற்குழு உறுப்பினர்களையும் விலகச் சொல்லிக் கிருசாந்தி கையசைத்தாள். இந்தத் தடவை மற்றவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். பலகை வேலிக்கும் ஃபெய்ஜோவாவுக்கும் நடுவே, ஓர் இலையைக்கூட உரசாமல் பின்னால் இறக்கி, வீதியோரம் நிறுத்தினாள். பின்னாலேயே காந்திமதி வெள்ளிநிறக் காரை நேராக ஓட்டிவந்து, கையை ஆட்டிவிட்டு, நிற்காமல் ஏவன்டேல் பக்கம் போய்விட்டார். அவருக்குப் பசித்தது. மாகிரட்டும் கிருசாந்தியும் மேலே ஓடிப்போய் டெமியோவை எடுத்தார்கள். வாசலில் அளவுநாடா இன்னும் கிடைத்திருக்கவில்லை. பிரமுகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பதினொன்று நாற்பத்து நான்குக்கு ஹென்டர்சன் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னபோது கிருசாந்தி ஒருமுறை சிரித்ததாகவும், ஏன் சிரிக்கிறாய் என்று பரீட்சகர் கேட்டதாகவும் சொன்னாள். பாஸ். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள்.

மாமன்றம் இந்த நிகழ்வை வரலாற்றில் சரியாகப் பதிவுசெய்தது. செபஸ்ரியனின் கார்தானே பின்னால் போனது என்று சிவலிங்கம் தரப்பு ஒரு வாரம் கொண்டாடியது. கார் போனபோது அதற்குள் தலைவர் இல்லை என்று அன்றூ சுட்டிக்காட்டினார். எனவே "வாகனம் பின்வாங்கியது, தலைவர் பின்வாங்கவில்லை, நிறுவனரும் முன்னேறவில்லை" என்று ஏகமனதாக எழுதப்பட்டது. இரு பெரியோர்களின் பெருந்தன்மைக்கும் பொன்னாடை போர்த்துவதென்று முடிவாயிற்று. உயரம் இருவருக்கும் ஒன்றே எனத் தீர்மானிக்கப்பட்டது. கூடவே பதினெட்டாம் சரத்தும் வந்தது: "பிரமுகர்களின் வாகனத்தை மன்ற உறுப்பினர் எவரும், அவர்தம் மனைவியர் உட்பட, தொடலாகாது." கார் பழகும் பெண்கள் இனி வீதியில் பழகிக்கொள்ளலாம் என்று ஓர் அடிக்குறிப்பு.

படத்தையும் அவர்கள் கிழித்தெறியவில்லை. யாரோ ஒருவர், இப்படிப்பட்ட படங்கள் முற்காலத்தில் பிரபுக்களைப் பற்றி மட்டுமே வந்தன என்று எடுத்துச் சொல்லியிருந்தார். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். ஆனால் மூலையில் நிற்கும் அந்த மஞ்சள் பலகைப் பெண் படத்தின் கம்பீரத்தைக் கெடுக்கிறாள், அவளை எடுத்துவிட்டுத் திரும்பக் கீறித் தரவேண்டும் என்று மாகிரட்டைக் கேட்டார்கள். மாகிரட் மாட்டேன் என்றார். பரவாயில்லை என்று அவர்களே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்கள்.

ஜூன் மாதத்து ஆண்டுவிழா சிறப்பாக நடந்தது. இரண்டு திரிகளும் ஒரே விநாடியில் ஏற்றப்பட்டன. சேவை செய்தவர்களின் பெயரை வாசிக்க நேரம் இருக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிரமுகர்கள் புறப்பட்டார்கள். அவர்களுடைய கார்கள் பின்புறத்தில் சுவரைப் பார்த்து நின்றன. வழக்கமாக அங்கே ஒரு வட்டமடித்து முன்னாலேயே வந்துவிடலாம். அன்று அந்த இடத்தில் சாப்பாட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். பின்னால் எடுத்தால்தான் வெளியே வரலாம்.

காந்திமதி சாவியை வாங்க மறுத்தார். "பதினெட்டாம் சரத்துலா. நான் தொடக் கூடாது," என்றுவிட்டு யாரோடோ ஏறிப் போய்விட்டார். அன்றூ தொட முடியாது, விமலன் தொட முடியாது. சரத்தைத் திருத்துவதென்றால் இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் வேண்டும். அப்போதுதான் அன்றூவுக்கு அந்த அருமையான எண்ணம் தோன்றியது. கிருசாந்தி மாமன்ற உறுப்பினர் அல்லவே. அவளை யாரும் எப்போதும் சேர்த்துக்கொள்ளவில்லையே. சட்டப்படி அவள் தொடலாம்.

மாகிரட்டின் போனில் எண்ணை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். பிரமுகர்கள் இருவரும் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

"ஓம் அண்ணை, நான் இப்ப ரானுயியில ஒரு ஐயாவைக் குளிப்பாட்டிக்கொண்டு நிக்கிறன்," என்றது கிருசாந்தியின் குரல். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. "என்ன, ரெண்டு பேரையும் வெளியில எடுத்து விடவேணுமோ? வரலாம். என்ர வேலையே அதுதானே, தங்களால ஏலாத ஆக்களுக்கு உதவி செய்யிறது. ஆனா இந்த ஐயா எண்பத்தாறு வயசில, எனக்கு ஏலாது பிள்ளை, வந்து செய்துவிடு எண்டு வாயாலயே கேட்டவர். ஒரு படிவமும் நிரப்பித் தந்தவர். எங்கட சட்டம் அது. 'என்னால் இயலாது' எண்டு எழுதி, அவையள் ரெண்டு பேரும் கீழ கையெழுத்து வச்சுத் தரட்டும். உடன வாறன்."

வேறு வழி இல்லை. மாகிரட் தன் கையாலேயே படிவத்தை அடித்துக் கொடுத்தார், சேவையாக. ஒரே ஒரு வரி. இரு பெரியோர்களும் அதன் உண்மையை மனமார ஏற்றுக்கொண்டு, கையெழுத்திடவும் இணங்கிவிட்டார்கள்.

கார்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. யாருடைய கையெழுத்து மேலே வருவது என்பது மட்டும்தான் மிச்சம்.